சிலியாவ் ஸ்டேசனும் தோட்டத்து வேலியும்

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ஏறத்தாழ 39 கிலோமீட்டர் ஓடிய ரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. மலாயாவில் அது மூன்றாவது பாதை. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கும் 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்துக்கும் போட்ட தடங்கள் அரசாங்கத்தின் கைக்காரியம். இதைப் போட்டதோ சுங்கை ஊஜோங் ரயில்வே என்னும் தனியார் கம்பெனி. 1908இல் கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே இதை எடுத்துக்கொண்டது. மம்பாவ், சிலியாவ் போன்ற சிறு நிலையங்களில் நின்று ஆளும் சரக்கும் ஏற்றிய காலம் போய், கடைசியில் போர்ட்டிக்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் டாங்கி வண்டிகள் மட்டும் ஓடின. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் அவையும் நின்றன. தடத்தின் பல பகுதிகள் இன்று புதருக்குள் கிடக்கின்றன. நீராவி எஞ்சின் பூட்டி, கடற்கரைக்குப் போகும் சுற்றுலா ரயிலாக இதை ஓட்டினால் என்ன என்ற யோசனை அவ்வப்போது தலைதூக்கி அடங்குகிறது. அந்த யோசனை நிறைவேறினால் எஞ்சின் பளபளக்கும், நிலையத்துக்குப் புதுச் சாயம் கிடைக்கும். ஆனால் சிலியாவ் போன்ற ஒரு நிலையத்தின் வரலாற்று மதிப்பு கட்டடத்தில் இல்லை, எஞ்சினிலும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். தோட்டத் தொழிலாளி நடந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில், துரையின் சொல் செல்லாத இடம் அநேகமாக அது ஒன்றுதான். பாதுகாக்கத் தகுந்தது ஏதேனும் உண்டென்றால் அது இந்த உறவுதான்: வேலிக்கு உள்ளே தோட்டம், வேலிக்கு வெளியே ஸ்டேசன்.

பாதையின் தொடக்கத்தில் தோட்டம் முதன்மையாக இல்லை. சிரம்பானைச் சூழ்ந்த சுங்கை ஊஜோங் ஈயத்தால் பேர்பெற்ற நாடு. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகவே தண்டவாளம் தேவைப்பட்டது. கடற்கரையில் துறைமுகம் எழுந்து, நீரிணைக் குடியேற்றங்களின் செயலாளராக இருந்த டிக்சனின் பெயரையும் பெற்றது. ஆனால் அந்தத் துறைமுகத்தின் யோகம் பத்தாண்டுக்கு மேல் நீடிக்கவில்லை. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிரம்பான் வடக்கு–தெற்கு முதன்மைப் பாதையில் இணைந்துவிட்டது. சிரம்பானில் ஏற்றிய சரக்குக்கு இனி போர்ட்டிக்சனைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை. கிளைப் பாதை பிழைத்துக்கிடந்ததற்குக் காரணம் வழியில் இருந்த தோட்டங்கள். இலங்கையில் காப்பி போட்டுப் பழகிய டி. எச். ஹில் போன்றவர்கள் 1880களிலேயே லின்சும் பக்கம் காடழித்துக் காப்பி வைத்தார்கள். காப்பி விலை சரிந்ததும் அதே மண்ணில் ரப்பர் ஏறியது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது, இரண்டு மேடுகளுக்கு நடுவே நிலம் கிடைத்தால் போதும், கம்பெனி முளைத்தது. ஈயத்துக்காகப் பிறந்த பாதை இப்படித்தான் பால்மரத்தின் பாதையாயிற்று. நடுவழியில் இருந்த சிலியாவ் பெரிய ஊரின் நிலையமாக ஒருநாளும் இருந்ததில்லை. அது தோட்டங்களின் நிலையம்.

தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் இருந்த தொடர்பை ஒரு ரப்பர் ஷீட்டின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் விளங்கிக்கொள்ளலாம். விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, மரத்துக்கு மரம் ஓடி வெட்டி, வெயில் ஏறுவதற்குள் மங்குகளை வழித்து, பால் வாளிகளைக் காண்டா என்னும் தோள்தடியில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். அங்கே பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை இயந்திரத்தில் கொடுத்து மெல்லிய தகடாக்கி, கோடு விழுத்தி, புகைபோடும் கொட்டகையில் நாள்கணக்கில் தொங்கவிடுவார்கள். தேன் நிறத்துக்கு வந்த ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குமிழி இருந்தால் கத்தரித்து, தரம் பிரித்து, 250 ராத்தல் பொதியாகக் கட்டினால் மாட்டுவண்டி நிலையத்துக்குக் கிளம்பும். சரக்குக் கொட்டகையில் பொதி தராசில் ஏறி, ரயில்வே ரசீதில் எடை பதிந்த கணத்தில் தோட்டத்தின் கணக்கு முடிகிறது, உலகச் சந்தையின் கணக்கு தொடங்குகிறது. எடையில் தகராறு வந்தால் தோட்டத்துக் கிராணியின் தராசு ஒன்று சொல்லும், ரயில்வேயின் தராசு ஒன்று சொல்லும். இங்கே கவனிக்க வேண்டியது இரண்டாவது தராசு. அது துரையின் தராசு அல்ல. சரக்கைப் பொறுத்தவரை இது சிறிய விஷயம். ஆளைப் பொறுத்தவரை அப்படியல்ல.

தோட்டம் எவ்வளவு அடைபட்ட உலகம் என்பதைச் சொல்லப் பல சான்றுகள் உண்டு. லயம் கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் கம்பெனி நிலத்தில். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் தலைக்காசு வாங்கிய கங்காணிக்குத் தன் கூட்டம் கலையாமல் இருப்பதில்தான் வரும்படி. தோட்டத்துச் சாலை தனியார் சாலை. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். இவை எல்லாவற்றையும்விட அழுத்தமான சான்று தொழிலாளர்களே எழுதிக்கொடுத்த ஒரு பட்டியல். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்றவர்களில் ஒருவர் தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். சம்பள உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கோரிக்கைகளில் இருந்தன. அவை எந்த வேலைநிறுத்தத்திலும் இருக்கும். அவற்றோடு வேறு சிலவும் இருந்தன. உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து பார்க்க அனுமதி வேண்டும். பேச, கூட்டம் கூட உரிமை வேண்டும். துரைமாரும் கிராணிமாரும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். ஒரு மனிதன் தன் அண்ணனைத் தன் வீட்டுக்கு அழைக்கும் உரிமையை வேலைநிறுத்தம் செய்து கேட்க வேண்டியிருந்தது என்றால், அந்த வேலியின் உயரத்தை அளக்க வேறு கோல் வேண்டாம். நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள். கிள்ளான் சிலாங்கூரில் இருக்கிறது, இது நெகிரி செம்பிலானைப் பற்றிய பேச்சு என்று ஒருவர் குறுக்கிடலாம். ஆனால் ஒரே தொழிற்சட்டம், ஒரே கங்காணி முறை, பல இடங்களில் ஒரே கம்பெனி. மாநில எல்லையைத் தாண்டியதும் துரைத்தனத்தின் குணம் மாறிவிடும் என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

அப்படியானால் தொழிலாளி அந்த வேலிக்குள்ளேயே கிடந்தானா என்றால் இல்லை. இதற்கான சான்று முதலாளிகளின் சட்டத்திலேயே இருக்கிறது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவை அதுவரை ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியே ஏற்று, அதை ஆளின் கடனாக எழுதிவைத்தது. புதிய சட்டப்படி, தென்னிந்தியத் தொழிலாளிகளை வைத்து வேலைவாங்கும் முதலாளி ஒவ்வொருவரும் வேலைநாள் கணக்குப்படி நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். கப்பல் கட்டணம், தொற்றுத்தடுப்பு முகாம் செலவு, துறைமுகத்திலிருந்து தோட்டத்துக்கு ரயில் கட்டணம் ஆகியவற்றை நிதி ஏற்கும். இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? ஒரு தோட்டம் காசு போட்டுக் கொண்டுவந்த ஆட்களை இன்னொரு தோட்டம் ஐந்து காசு கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டது. ஆளும் போனான். ஆள்கடத்தல் என்று முதலாளிகள் குறைபட்டுக்கொண்ட விஷயத்தைத் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால், நல்ல இடம் தேடிப் போனான் என்றுதான் சொல்ல வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு, ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகச் சட்டம் இடம் தந்தது. சட்டம் தந்த உரிமையைக் காலுக்குத் தந்தது எது? இரவோடிரவாகக் காட்டுவழி நடந்து போனவர்கள் உண்டு. ஆனால் மனைவி மக்களும் தகரப் பெட்டியுமாக ஒரு குடும்பம் பத்திருபது மைல் போக வேண்டுமானால், தொடக்க காலத்தில் ரயிலைத் தவிர வேறு வழி குறைவு. ரப்பர் பெருக்கமும் ரயில் பாதை விரிவும் ஆள் இழுப்புப் பற்றிய புலம்பலும் ஒரே பத்தாண்டில் வந்து கூடியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தொழிலாளியைத் தோட்டத்தில் இறக்கிவிட்ட அதே ரயில்தான் அவனை அங்கிருந்து ஏற்றிக்கொண்டும் போயிருக்கிறது.

நிலையத்தில் அவன் யாராக நின்றான் என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. ஒற்றைத் தடத்தில் எதிரும் புதிருமாக ரயில் ஓட, டோக்கன் என்ற ஏற்பாடு இருந்தது. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தடத்துக்கு ஒரே ஒரு டோக்கன்தான் ஒரு நேரத்தில் வெளியே எடுக்கக் கிடைக்கும்; அதைக் கையில் வாங்காமல் ஓட்டுநர் எஞ்சினை நகர்த்தக் கூடாது. நிலைய அதிகாரி அடுத்த நிலையத்துக்கு மணியடித்துக் கேட்டு, பெட்டியிலிருந்து டோக்கனை எடுத்து, வளையத்தில் மாட்டி நீட்டுவார். ஓட்டுநர் கையை வெளியே விட்டு வாங்கிக்கொள்வார். வண்டியில் துரையே முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் டோக்கன் வராமல் வண்டி போகாது. பிரட்டுக் களத்தில் நேரத்தையும் ஆளையும் தன் விருப்பப்படி நகர்த்தப் பழகிய ஒருவர் இங்கே காத்திருக்க வேண்டும். அதே விதி மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கியவனுக்கும் பொருந்தும். அவன் காசைக் கொடுத்தால் சீட்டைக் கொடுத்தாக வேண்டும். தோட்டத்துச் செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் பெயர் உண்டா, கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்தாயா என்று சீட்டு ஜன்னலில் யாரும் கேட்க உரிமையில்லை. நிலையத்தை ஒட்டிய கடைகளில் சிரம்பான் பேச்சும் கோலாலம்பூர்ப் பேச்சும் கிடைத்தன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன், 1935இல் சிங்கப்பூரிலிருந்து வரத் தொடங்கிய தமிழ் முரசு போன்ற இதழ்களுக்குத் தோட்டப்புறத்தில் வாசகர் உருவானதற்கு இப்படிப்பட்ட இடங்களும் ஒரு காரணம். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் போதும்; கேட்க இருபது பேர் இருப்பார்கள்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு வலுவானது. ரயில்வேயே முதலாளித்துவத்தின் கருவி, அதில் சுதந்திரத்தைத் தேடுவது வெள்ளையடிக்கும் வேலை என்பார்கள். முதல் 17 ஆண்டுகள் அது தனியார் கம்பெனியின் சொத்துதானே? மலாயா ரயில்வேயில் நிலைய அதிகாரிகளாகவும் கிராணிகளாகவும் பெருவாரியாக இருந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் தோட்டக் கூலியைத் தம்மில் ஒருவனாகப் பார்த்தார்களா? தண்டவாளத்துக்குச் சரளை கொட்டி, கட்டை மாற்றிய கேங்கு ஆட்கள் இன்னொரு வகைக் கூலிகள்தானே? இவை அனைத்தும் உண்மை. ஆனால் ஒரு கருவி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதும் அது யார் கையில் என்ன ஆயிற்று என்பதும் வேறு வேறு கேள்விகள். தோட்டக் கம்பெனிக்கும் ரயில் கம்பெனிக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: கட்டணம் கொடுத்தவர் எவராயினும் ஏற்றிச் செல்வதில்தான் ரயிலுக்கு வருமானம். ஆளைக் கட்டிப்போடுவதில் தோட்டத்துக்கு லாபம், ஆளை நகர்த்துவதில் ரயிலுக்கு லாபம். இரண்டு லாபங்களும் ஒன்றோடொன்று உரசிய இடைவெளியில்தான் தொழிலாளிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. நிலைய அதிகாரியின் சாதிப் பெருமையோ வர்க்கப் பெருமையோ அந்த இடைவெளியை மூடவில்லை. அவர் முகம் சுளித்தபடியே சீட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கலாம். நான் சொல்வது அவருடைய நல்ல மனதைப் பற்றியல்ல.

இரண்டாவது மறுப்பு காசைப் பற்றியது. 1920களின் இறுதியில் நிர்ணயித்த சம்பளம் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தம் வந்ததும் அதிலும் வெட்டு விழுந்தது. மாதம் பதின்மூன்று வெள்ளி தேறாத ஆள் எத்தனை முறை ரயில் ஏறியிருப்பான்? மேலும் 1930களில் பஸ்ஸும் சைக்கிளும் வந்துவிட்டன. சிலியாவ் வழியாகச் சாலையும் போனது. இந்த மறுப்பில் பாதியை அப்படியே ஏற்கிறேன். நான் சொல்லும் நிலையம் பெரும்பாலும் 1891க்கும் 1930களுக்கும் இடைப்பட்ட நிலையம். அதன் பிறகு பஸ் நிற்கும் இடம் அந்த வேலையைச் செய்யத் தொடங்கியது. சைக்கிள் எவ்வளவு முக்கியமாயிற்று என்பதைக் கிள்ளான் கோரிக்கையே சொல்கிறது. மறுபாதியை ஏற்க முடியவில்லை. ஒரு வாசலின் மதிப்பு அதில் தினம் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்பதை மட்டும் கொண்டதல்ல. மாரியம்மன் திருவிழாவுக்கோ ஒரு சாவுக்கோ வேறு தோட்டத்தில் வேலை கேட்கவோ வருடத்துக்கு ஓரிரு முறை போனாலும், போக முடியும் என்பது மற்ற நாள்களின் பேச்சை மாற்றும். போய்விடக்கூடிய ஆளிடம் கங்காணி பேசுகிற தோரணை வேறு.

மூன்றாவது மறுப்பை எழுப்புவது யுத்தம். மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் தோட்டங்களில் ஆள் சேர்த்தார்கள்; முதலில் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி, பிறகு லாரியில் பிடித்துப் போட்டு. சரக்குப் பெட்டிகளில் அடைத்து, நாள்கணக்கில் வடக்கே பான் போங் வரை ஓட்டி, அங்கிருந்து காட்டுக்குள் நடத்திச் சென்றார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர்ப் பாதையை 1943 அக்டோபருக்குள் முடித்ததில் செத்த மலாயாத் தொழிலாளிகளில் மிகப் பெரும்பாலோர் தமிழர். எத்தனை ஆயிரம் பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை. போர்க் கைதிகளான வெள்ளையருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. இவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே முழுமையாக இல்லை. தண்டவாளத்தையும் விடவில்லை. நெகிரி செம்பிலானின் தம்பின் பக்கத்திலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப் பாதை பெயர்த்தெடுக்கப்பட்டு, போருக்குப் பிறகும் திரும்பிப் போடப்படவே இல்லை. ரயில் தொழிலாளிக்கு வாசல் என்று சொல்கிறவர் இந்த ரயிலுக்கு என்ன சொல்வார்? வேலிக்கு வெளியே போகும் வழி என்பதால் மட்டும் ஒன்று நல்ல வழியாகிவிடாது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நிலையத்தின் தன்மையைத் தீர்மானித்தது தண்டவாளம் அல்ல, சீட்டு. காசு கொடுத்து வாங்கிய சீட்டோடு ஏறியவன் இறங்கும் ஊரைத் தானே தேர்ந்தெடுத்தான். சயாமுக்குப் போன பெட்டியில் சீட்டு இல்லை. இந்த நினைவை ஒதுக்கிவிட்டு மலாயாவில் எந்த நீராவி ரயிலையும் ஆனந்தமாக ஓட்டிக்காட்ட முடியாது. அக்காலத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தக் கூவல் ஒலி விடுமுறையை நினைவூட்டியிருக்காது.

சாலை வந்தது, ரயில் செத்தது என்பது பாதி விளக்கம்தான். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி ஏறியது. ரயிலுக்கு முன்னே காவல் டிராலி ஓட வேண்டிய நிலை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் துண்டுதுண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் கசப்போடு சொல்லும் அந்த நிகழ்வைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969ஐ ஒட்டி வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; செம்பனைக்கு ஆள் குறைவு, பழக்குலையை ஆலைக்குக் கொண்டுபோக லாரி போதும். இன்னொரு பக்கம் 1960களின் தொடக்கத்தில் ஷெல், எஸ்ஸோ ஆலைகள் போர்ட்டிக்சனில் எழுந்தன. பாதைக்கு நிரந்தரச் சரக்கு கிடைத்தது, ஆனால் டாங்கி வண்டிக்குச் சிலியாவில் நிற்க வேலையில்லை. தன்னை ஒழித்துக்கட்டிய காருக்கும் பஸ்ஸுக்கும் பெட்ரோல் சுமந்தே அந்த ரயில் தன் கடைசிக் காலத்தைக் கழித்தது. இலங்கை மலையகத்தை ஒப்பிட்டால் காரணம் தெளிவாகிறது. அங்கேயும் சாலை வந்தது, பஸ் வந்தது. ஆனால் தேயிலைக்குக் கொழுந்தெடுக்கும் கைகள் இன்றும் தோட்டத்திலேயே குடியிருக்கின்றன. அதனால் கிரேட் வெஸ்டர்ன் போன்ற தோட்டப் பெயர் தாங்கிய நிலையங்களில் இன்றும் வண்டி நிற்கிறது. இங்கே ரயிலைக் கைவிட்டது சாலை மட்டுமல்ல. நிலையத்துக்கு நடந்து வந்த சமூகமே இடம்பெயர்ந்துவிட்டது.

இடம்பெயர்ந்த அந்தச் சமூகம் தோட்டங்களின் பெயர்களை ஓரிடத்தில் மட்டும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது: தமிழ்ப் பள்ளிகளில். லின்சும், பிராட்வெல், அதெர்டன் என்று இந்த வட்டாரத்துப் பள்ளிப் பெயர்ப்பலகைகள் இன்றும் தோட்டத்தைச் சொல்கின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. மாட்டுத் தொழுவத்தை விடச் சற்றே மேலான கொட்டகைகளில் அவை தொடங்கின. தோட்டம் வீடமைப்புப் பகுதியானாலும் பள்ளிக்கு உரிமம் இருந்தது, பெற்றோர் சங்கம் இருந்தது, விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயமும் இருந்தது. ஆகவே பெயர் நின்றது. நிலையத்துக்கு அப்படி உரிமை கொண்டாட யாருமில்லை. 1992இல் மலாயா ரயில்வே நிறுவனமாக்கப்பட்டபோது நிலமும் தடமும் ரயில்வே சொத்துடைமைக் கழகத்திடம் போயின; கணக்கேட்டில் அது காலி நிலம். முதன்மைப் பாதையிலேயே, சிரம்பானிலிருந்து கெமாஸ் வரையிலான மின்சார இரட்டைத் தடம் 2013இல் முடிந்தபோது பழைய சிறு நிலையங்கள் பல மறைந்தன. கெமாஸின் பழைய மரக் கட்டடம் நின்றதே பெரிது. அது சந்திப்பு நிலையம், கீர்த்தி உள்ளது. சிலியாவுக்கு அந்தக் கீர்த்தி கிடையாது.

பாரம்பரிய ரயில் என்றதும் நம் கண்முன் வரும் மாதிரிகள் எதைக் காக்கின்றன என்று பார்க்க வேண்டும். 1951இல் வேல்சின் டாலிலின் பாதையைத் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கியது உலகுக்கே முன்மாதிரி. அங்கே கற்பலகைச் சுரங்கத்து வட்டாரமே தன் பாதையின் கதையோடு சேர்ந்து நின்றது. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயில் இன்றும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஆளை ஏற்றுகிறது. மலேசியாவிலேயே சபாவின் வடபோர்னியோ ரயில் 2000ஆம் ஆண்டில் பழைய நீராவி எஞ்சினை ஓட்டத் தொடங்கியது. அடுக்குச் சட்டியில் டிபன் பரிமாறி, காலனிக் காலத்து உல்லாசப் பயணத்தை விற்கிறது. அதில் தவறில்லை. ஆனால் அது முதல் வகுப்பின் நினைவு. அதே அச்சில் போர்ட்டிக்சன் பாதையை வார்த்தால், சிலியாவில் நிற்கும் வண்டியிலிருந்து இறங்குகிறவர் துரையின் கண்ணால் தோட்டத்தைப் பார்ப்பார். சிங்கப்பூர் எடுத்துக்கொண்ட வழி எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. 2011 ஜூன் 30க்குப் பிறகு ரயில் நின்ற 24 கிலோமீட்டர்த் தடத்தை அவர்கள் துண்டு போட்டு விற்கவில்லை. முழுதாக வைத்து நடைபாதையாக்கினார்கள். டோக்கன் கைமாறும் காட்சிக்குப் பேர்போன புக்கிட் தீமா நிலையத்தைச் செப்பனிட்டு 2022இல் திறந்தார்கள். ரயில்வே ஊழியர் குடியிருப்பில் காப்பிக் கடை வந்தது. அந்த வீட்டில் குடியிருந்தவர்களைப் பற்றிய விவரம் காப்பியின் விலைப்பட்டியலை விடச் சிறியதாக இருப்பதுதான் அங்கே குறை. இருந்தாலும் தடம் முழுதாக இருக்கிறது. தடம் முழுதாக இருந்தால் கதையைப் பிறகும் சொல்லிக்கொள்ளலாம்.

இதெல்லாம் ஏன், துயரத்தின் இடத்தை எதற்குத் துடைத்துத் துடைத்து வைப்பது, மறப்பதும் ஒரு நன்மைதானே என்று தோட்டத்தை விட்டுத் தப்பி வந்த தலைமுறை கேட்டால், அந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. லயத்தைக் காட்சிப்பொருளாக்குவதை நானும் விரும்பவில்லை. ஆனால் லயத்துக்கும் நிலையத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. லயம் தொழிலாளிக்கு ஒதுக்கப்பட்ட இடம். நிலையம் அவன் காசு கொடுத்து, தன் காலால் நடந்து சென்றடைந்த இடம். மலேசியத் தமிழர் வரலாற்றைக் கப்பலில் வந்து இறங்கியதாகவும் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டதாகவும் மட்டும் எழுதினால், நடுவில் அவர்கள் தாமாக எடுத்த முடிவுகளெல்லாம் விடுபட்டுப் போகின்றன. தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005இல் வந்தது; இடங்களையும் பொருள்களையும் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியாத மரபுகளையும் பதிவுசெய்ய அதில் வழியிருக்கிறது. ஆகவே கேள்வி சட்டம் இல்லை என்பதல்ல, எதை முதலில் செய்வது என்பது. ஒரு நீராவி எஞ்சினைக் கொதிகலன் சோதனையில் தேறவைப்பதற்கே பெரும் பணமும் ஆண்டுக்கணக்கில் காலமும் பிடிக்கும். அந்தப் பணம் எப்போது கிடைத்தாலும் அந்த வேலையைச் செய்யலாம். தோட்டங்களின் செக்ரோல் புத்தகங்கள் அப்படியல்ல: கை மாறிய கம்பெனிகளின் பழைய அலுவலகங்களில் கரையானுக்கு இரையாகாமல் எஞ்சியவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்து, ரயில்வேயின் சரக்குப் பதிவுகளோடு அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். அந்தப் பாதையில் பயணிகள் வண்டி ஏறியதை நினைவில் வைத்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சை, எந்தத் தோட்டத்திலிருந்து எந்தக் குறுக்குவழியாக நடந்து நிலையத்துக்கு வந்தார்கள் என்பது உட்பட, பதிவுசெய்ய வேண்டும். அந்தக் குறுக்குவழிகளை நில அளவைப் படத்தில் குறித்து, தடத்தை மனை மனையாகப் பிரிக்கும் விண்ணப்பம் வருவதற்கு முன் மாநில நில அலுவலகத்தில் கொடுத்துவைக்க வேண்டும்.